1932 ஃபோர்டுக்கு எந்தக் காலத்து டயர்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, பல ஆண்டுகளாகக் கலிபோர்னியாவில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் ஒன்றை, ஏற்கெனவே ஹாட் ராடாக, அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய வண்டியாக, மாற்றப்பட்ட நிலையில் வாங்கினேன். மட்கார்டுகள் இல்லை, 1940களைச் சேர்ந்த ஃப்ளாட்ஹெட் வி8 எஞ்சினும், 1940 ஃபோர்டின் இரும்புச் சக்கரங்களும் உள்ளன. முன்பு வைத்திருந்தவர் அவற்றில் இக்காலத்து அகல ரேடியல் டயர்களை மாட்டியிருக்கிறார். மற்ற எல்லாமே அந்தக் காலத்தவையாக இருந்தும் வண்டியைப் பார்த்தால் ஏதோ ஒட்டாமல் நிற்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் கட்டிய வண்டி போலவே இது தோன்ற வேண்டும் என்பது என் ஆசை. எந்த டயரை, எந்த அளவில் வாங்குவது?

பதில்: ஒட்டாமல் நிற்பது டயர்தான், உங்கள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. டயர் வாங்குவதற்கு முன்பே வண்டி எந்த ஆண்டில் கட்டப்பட்டதாகத் தோன்ற வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. பலர் இதைச் செய்யாமல் கடையில் அழகாகத் தெரிந்த டயரை வாங்கி வந்துவிட்டு, பிறகு வண்டி 1915இல் ஒரு காலும் 1968இல் ஒரு காலும் வைத்து நிற்கிறதே என்று வருந்துகிறார்கள்.

1932 ஃபோர்டு தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது அதில் இருந்தவை 18 அங்குலக் கம்பிச் சக்கரங்களும் 5.25-18 டயர்களும் (இந்த எண்களைப் படிக்கும் முறையைப் பின்னால் சொல்கிறேன்). அவற்றை இன்றும் வாங்க முடியும். ஆனால் மாட்டினால் வண்டி ஃபோர்டு விற்ற வண்டியாகத் தோன்றுமே தவிர, போருக்குப் பின் லாஸ் ஏஞ்சலஸ் இளைஞன் ஒருவன் தன் வீட்டுக் கொட்டகையில் கட்டிய வண்டியாகத் தோன்றாது. அந்த இளைஞனுக்குக் கிடைத்தவை பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடங்களில் குவிந்துகிடந்த சக்கரங்கள். ஃபோர்டு 1933, 1934ஆம் ஆண்டுகளில் 17 அங்குலத்துக்கு இறங்கி, 1935இல் 16 அங்குலத்துக்கு வந்து, 1948 வரை பெரும்பாலும் அதிலேயே நின்றது. ஆகவே மலிவாகவும் ஏராளமாகவும் கிடைத்தது 16 அங்குலம். அதிலும் 1940 முதல் 1948 வரையிலான இரும்புச் சக்கரத்தின் ஐந்து போல்ட்டுகளும் ஐந்தரை அங்குல வட்டத்தில் அமைந்தவை. 1932 வண்டியின் போல்ட் வட்டமும் அதே அளவுதான். இடையில் வந்த 1936 முதல் 1939 வரையிலான சக்கரங்களின் வட்டம் மட்டும் பத்தேகால் அங்குலம் என்பதால் அவை நேராகப் பொருந்தா. உங்களிடம் இருக்கும் இரும்புச் சக்கரங்கள் அந்தக் காலத்துக்கு மிகச் சரியானவை. அவற்றை மாற்றவே வேண்டாம். பின்னாளில் கம்பிச் சக்கரத்தின் மீது ஆசை வந்து, வண்டியில் 1940களின் பிரேக் டிரம் இருந்தால், டிரம்முக்கும் சக்கரத்துக்கும் இடையே தாங்கு வளையம் ஒன்று வைக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அது இல்லாமல் மாட்டினால் சக்கரத்தின் நடுப்பகுதி டிரம்மின் மீது சரியாக அமராமல் வளைந்து, நாளடைவில் விரிசல் விடும்.

இனி அளவுக்கு வருவோம். ஹாட் ராடின் தோற்றத்தைத் தீர்மானிப்பது டயரின் மேல் உள்ள பெயரோ, தரையில் பதியும் பட்டையின் கோலமோ அன்று. முன் டயருக்கும் பின் டயருக்கும் உள்ள உயர வேறுபாடும், இரண்டின் ஒடுக்கமும்தான். முன்னே சிறியது, பின்னே பெரியது என்ற வழக்கம் அழகுக்காகப் பிறந்தது என்று இன்று பலர் எண்ணுகிறார்கள். அது பிறந்தது கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில், வேகத்துக்காக. ம்யூராக், எல் மிராஜ் ஆகிய ஏரிகளின் காய்ந்த களிமண் தரையில், 1937இல் தொடங்கப்பட்ட தென் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் வண்டிகளின் வேகத்தை அளந்து பதிவு செய்தது. அங்கே உச்ச வேகம் ஒன்றே கணக்கு. பின் ஆக்ஸிலைத் திறந்து பல்சக்கரத்தை மாற்றுவதைவிடப் பெரிய கார் ஒன்றின் உயரமான டயரைப் பின்னே மாட்டுவது எளிது. இரண்டும் ஒரே பலனைத் தரும்.

கணக்காகவே பார்க்கலாம். ஆக்ஸில் விகிதம் 3.78 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் 3.78 சுற்று) என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 28½ அங்குல உயரமுள்ள 6.00-16 டயருடன் மணிக்கு 60 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,670 சுற்று சுற்றும். 31½ அங்குல அளவில் நிற்கும் 7.50-16 டயரை மாட்டினால் அதே வேகத்துக்கு 2,420 சுற்று போதும். உங்கள் காதுக்கும் ஃப்ளாட்ஹெட் எஞ்சினின் ஆயுளுக்கும் இந்த 250 சுற்றுக் குறைவு பெரிய நிம்மதி. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பின் டயர் உயர்ந்தால் வேகமானி குறைத்துக் காட்டும். இந்த எடுத்துக்காட்டிலேயே முள் 60இல் நிற்கும்போது வண்டி உண்மையில் 66 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

மட்கார்டு இல்லாத உங்கள் ரோட்ஸ்டருக்கு முன்னே 5.50-16, பின்னே 7.00-16 என்பது என் பரிந்துரை. முன் டயர் சுமார் 27½ அங்குலமும் பின் டயர் சுமார் 30 அங்குலமும் இருக்கும். இந்த இரண்டரை அங்குல வேறுபாடு வண்டியின் மூக்கைச் சற்றே தாழ்த்தி, நின்றிருக்கும்போதே புறப்படத் தயாரான தோரணையைத் தரும். ஏரிப்படுகை வண்டியின் சாயல் இன்னும் அழுத்தமாக வேண்டுமென்றால் முன்னே 6.00-16, பின்னே 7.50-16 வைக்கலாம். ஆனால் 1940 ஃபோர்டின் சக்கரம் நான்கு அங்குல அகலமே உள்ளது, 7.50 டயருக்கு அது குறுகல், அதில் டயர் பலூன் போலப் பிதுங்கி, திருப்பங்களில் பக்கவாட்டில் ஆடும். அந்த அளவை விரும்பினால் பின்னே மட்டும் அகலமான ரிம் தேடுங்கள்.

இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 6.00-16 என்றால் டயரின் குறுக்களவு ஏறத்தாழ ஆறு அங்குலம், ரிம்மின் விட்டம் பதினாறு அங்குலம். பக்கச்சுவரின் உயரமும் கிட்டத்தட்ட ஆறு அங்குலமே. இன்றைய 205/60 டயரை எடுத்துக்கொண்டால் அகலம் எட்டு அங்குலம், பக்கச்சுவர் ஐந்துக்கும் குறைவு. பழைய டயர் உயர்ந்து ஒடுங்கி நிற்கும். புதியது படர்ந்து உட்காரும். உங்கள் கண்ணை உறுத்திய வேறுபாடு இதுதான்.

பட்டையைப் பொறுத்தவரை, நீளவாட்டில் ஓடும் வளைவரிகள் கொண்ட ஃபயர்ஸ்டோன் டீலக்ஸ் சாம்பியன் இந்தக் காலத்துக்கு ஐயமின்றிப் பொருந்தும். டென்னசி மாநிலத்தில் 1958இல் தொடங்கப்பட்ட கோக்கர் டயர் நிறுவனம் உரிமம் பெற்று இதை விற்கிறது, பி.எஃப். குட்ரிச் சில்வர்டவுனும் அவர்களிடமே கிடைக்கும். ‘நான் ஸ்கிட்’ என்ற சொற்களே பட்டையில் சாய்வாகப் பதிந்திருக்கும் ஃபயர்ஸ்டோன் டயர் பார்க்க மிக அழகானது. ஆனால் அது 1910களின் வண்டிக்கு உரியது. சிவப்புக் கோடு போட்டது 1960களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது; புடைத்த வெள்ளை எழுத்துகள் அதற்கும் பிந்தியவை. இம்மூன்றையும் உங்கள் வண்டியின் அருகே கொண்டுவராதீர்கள்.

கேள்வி: நான் டெக்சஸில் இருக்கிறேன். என்னிடம் உள்ள 1934 ஃபோர்டு கூப்பேயில் பழைய முறை டயர்களைப் போட்ட பிறகு, நெடுஞ்சாலையில் 60 மைலைத் தாண்டினால் வண்டி தன் விருப்பத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. காலையில் முதல் சில மைல்களுக்குச் சக்கரம் சதுரமாகிவிட்டதுபோல் தடதடக்கிறது. என் மனைவி இனி அதில் ஏற மாட்டேன் என்கிறார். பழைய டயரின் தோற்றத்தில் ரேடியல் டயர்கள் வருகின்றன என்று கேள்விப்படுகிறேன். அவற்றைப் போடுவது ஏமாற்று வேலையாகாதா?

பதில்: ஆகாது. உங்கள் மனைவி அச்சமின்றி அருகில் அமர்ந்து வருவதற்காகச் செய்யும் எந்த மாற்றத்துக்கும் நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் அம்பாசடர் ஓட்டியவர்களுக்கும் லாரி ஓட்டியவர்களுக்கும் நைலான் டயர், ரேடியல் டயர் என்ற பாகுபாடு நன்றாகத் தெரியும். நீங்கள் போட்டிருப்பது அந்த நைலான் டயரின் இனம். அதில் இழை அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து ஓடுகின்றன. பக்கச்சுவரும் பட்டையும் ஒரே கட்டாக இயங்குவதால், சாலையில் உள்ள தடமும் பள்ளமும் பக்கச்சுவர் வழியே ஏறி நேராக ஸ்டியரிங்குக்கு வந்துவிடும். ரேடியலில் இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேர்க்குறுக்காகச் செல்ல, பட்டையின் அடியில் எஃகுக் கச்சை தனியாகச் சுற்றியிருக்கும். பக்கச்சுவர் நெகிழ்ந்தாலும் பட்டை தரையில் தட்டையாகவே பதியும். மிஷ்லின் இதற்கு 1946இல் காப்புரிமை பெற்று 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அது பரவலானது 1970களில்தான். காலையில் கேட்கும் தடதடப்புக்கும் காரணம் உண்டு. வண்டி இரவு முழுவதும் நிற்கும்போது நைலான் இழை, தரையில் அழுந்திய இடத்தில் தட்டையாகவே இறுகிக்கொள்கிறது; சில மைல்கள் ஓடிச் சூடானதும் மீண்டும் உருண்டையாகிவிடும். அது பழுதன்று, அந்த டயரின் இயல்பு.

வண்டி இழுத்துக்கொண்டு போவதற்கு மட்டும் டயரைக் குற்றம் சொல்லி உடனே செலவு செய்யாதீர்கள். பல ஆண்டுகளாகக் கைவைக்காத முன் ஆக்ஸிலில் கிங்பின்களும் (முன் சக்கரம் திரும்புவதற்கான அச்சு ஊசிகள்) ஸ்டியரிங் பெட்டியும் தளர்ந்திருப்பது மிகச் சாதாரணம். ரேடியல் டயர் அந்தத் தளர்ச்சியை மறைக்குமே தவிர, போக்காது. முதலில் ஜாக் வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு அலைன்மென்ட். காஸ்டர் கோணம் (கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) ஐந்து முதல் ஏழு டிகிரிக்குள்ளும், டோ-இன் (முன் சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கி ஒடுங்கும் அளவு) எட்டில் ஒரு அங்குல அளவிலும் இருக்கட்டும். இவை இரண்டும் சரியாக இருந்தால் பழைய முறை டயரிலேயே 60 மைல் வேகத்தில் நிம்மதியாக ஓட்டலாம் என்பதை நானே ஓட்டிக் கண்டிருக்கிறேன். டயர் உண்மையிலேயே உருண்டையாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். புதியதிலும்கூட உயரம் ஓரிடத்தில் கூடியிருப்பதுண்டு. அதைச் சுழலவிட்டுச் சீவிச் சரிசெய்து தரும் பட்டறைகள் இருக்கின்றன.

காற்றழுத்தத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு. முப்பது பவுண்டு அளவில் காற்று அடித்து, பட்டையின் குறுக்கே சாக்பீஸால் பட்டையாகக் கோடு போட்டு, சமதரையில் சிறிது தூரம் நேராக உருட்டுங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று மிகுதி. ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. பழைய வண்டிக்கு இந்த டயருக்கு இவ்வளவு என்ற அட்டவணை பெரும்பாலும் பொருந்தாது, ஏனெனில் ஹாட் ராட் ஒவ்வொன்றின் எடையும் வேறு. டயரின் மேல் பொறித்த உச்ச அளவை மட்டும் எக்காரணம் கொண்டும் தாண்டாதீர்கள்.

இத்தனையும் செய்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், அல்லது வாரந்தோறும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் செல்பவர் என்றால், ரேடியலே சரி. கோக்கர் நிறுவனத்தின் எக்செல்சியர் ஸ்டால் ஸ்போர்ட், பழைய டயரின் ஒடுங்கிய உருவத்தையும் பட்டையையும் வைத்துக்கொண்டு உள்ளே ரேடியலாகக் கட்டப்பட்டது. வாங்கும்போது டயரின் தோளைப் பாருங்கள். பக்கச்சுவரிலிருந்து பட்டைக்குச் செல்லும் வளைவு உருண்டையாக இருந்தால் பத்தடி தூரத்தில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அது கூர்மையாக மடிந்திருந்தால் எந்தப் பட்டையும் எந்த எழுத்தும் அதைக் காப்பாற்றாது.

ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் ரேடியலும் மறு பக்கம் பழைய முறையும் ஒருபோதும் கூடாது. முன்னே ரேடியல், பின்னே பழைய முறை என்பதும் ஆபத்தானது: முன்பக்கம் சாலையைக் கவ்விக்கொள்ள, பின்பக்கம் விலகி வண்டி சுழன்றுவிடும். நான்கையும் ஒருசேர மாற்றுங்கள். செலவைக் கருதி இந்த ஆண்டு இரண்டு, அடுத்த ஆண்டு இரண்டு என்று பிரிக்காதீர்கள்.

கேள்வி: ஹாட் ராடுக்கு வெள்ளை வளையம் போட்ட டயர் பொருந்துமா? சிலர் அழகு என்கிறார்கள், சிலர் தவறு என்கிறார்கள். — ஒஹாயோ வாசகி

பதில்: இருவரும் வெவ்வேறு ஆண்டுகளை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள், அம்மா. ரப்பர் டயர் தொடக்கத்தில் வெளிறிய நிறத்திலேயே இருந்தது. துத்தநாக ஆக்சைடு கலந்தபோது வெண்மை கூடியது. கரிப்பொடி சேர்த்தால் ரப்பர் பலமடங்கு உழைக்கிறது என்று தெரிந்ததும் 1910களில் பட்டை கருப்பாயிற்று; பின்பு வெள்ளைப் பக்கம் என்பது ஆடம்பரத்தின் அடையாளமாக நின்றது.

1942இன் தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் பிடித்தபோது அமெரிக்காவுக்கு இயற்கை ரப்பர் வருவது ஏறக்குறைய நின்றே போனது. அந்த ஜனவரியிலேயே அங்கே டயருக்குப் பங்கீடு வந்துவிட்டது. அதுவரை அமெரிக்க டயர்களுக்குள் சென்ற ரப்பரில் ஒரு பெரும் பகுதி மலாயாவின் பால்மரக் காடுகளில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் விடியற்காலையில் எழுந்து வெட்டிய பால் என்பதை, இந்த டயர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்கிறேன். அமெரிக்கக் கார் வரலாற்றை எழுதுவோர் அவர்களைக் குறிப்பிடுவதில்லை. நாமாவது குறிப்பிட வேண்டும்.

போர்க்காலத்தில் வெள்ளை வளையம் மறைந்தது. முடிந்த பின்பும் அது மெதுவாகத்தான் திரும்பியது. ஆகவே 1946, 1947இல் கையில் காசில்லாத ஓர் இளைஞன் ஏரிப்படுகைக்கு ஓட்டிப்போன வண்டிக்குக் கருப்பு டயரே பொருத்தம். அதே வண்டி 1950களின் நடுவில் பளபளப்பான வண்ணமும் குரோமியமும் பூசிக் கண்காட்சிக்குச் சென்றதாகக் கற்பனை செய்தால், இரண்டரை முதல் மூன்று அங்குல அகல வெள்ளை வளையம் மிக அழகாக இருக்கும். ஒரு அங்குலக் குறுகல் வளையம் 1962 மாடல் கார்களோடு வந்தது. அதை முந்தைய காலத்து வண்டிக்குப் போட வேண்டாம். புதிய டயரின் வெள்ளைப் பகுதியின் மேல் நீலப் பூச்சு இருக்கும். அது காப்புக்காகப் பூசியது, சோப்பு நீரும் மென்மையான பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

கேள்வி: ஒரு பழைய கொட்டகையில் பயன்படுத்தாத 1950களின் அசல் டயர்கள் நான்கு கிடைத்தன. பட்டை சற்றும் தேயவில்லை. மாட்டி ஓட்டலாமா?

பதில்: கூடாது. காட்சிக்கு வையுங்கள், கொட்டகைக்குள் வண்டியைத் தள்ளி நகர்த்தப் பயன்படுத்துங்கள், சாலையில் ஏற்றாதீர்கள். ரப்பர் ஓடித் தேய்வதால் மட்டும் கெடுவதில்லை, காற்றாலும் வெப்பத்தாலும் சும்மா இருந்தே கெடுகிறது. உள்ளே இழைக்கும் ரப்பருக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போயிருப்பது வெளியே தெரியாது. அண்மையில் செய்தவை என்று சொல்லி விற்கப்படும் டயரிலும் பக்கச்சுவரில் டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள்: முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். இந்த நான்கெண் முறை 2000இல் வந்தது. மூன்று எண்களே இருந்தால் அது அதற்கும் முந்தைய டயர். தேய்ந்தாலும் தேயாவிட்டாலும் பத்து ஆண்டுக்கு மேல் எதையும் நான் வைத்துக்கொள்வதில்லை.

இதே இடத்தில் இன்னொன்று. டிராக்டரின் முன் டயர்கள் ஒடுங்கி, உயர்ந்து, பழைய பந்தய டயர் போலவே தோன்றும்; விலையும் குறைவு. ‘நெடுஞ்சாலைக்கு அன்று’ என்று அவற்றின் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வயலில் மெல்ல உருள்வதற்குச் செய்த டயர் 60 மைல் வேகத்தின் வெப்பத்தைத் தாங்காது.

கேள்வி: 1935 ஃபோர்டின் கம்பிச் சக்கரத்தில் டியூப் இல்லாமல் டயர் போட்டுத் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்கக் கார்களில் டியூப் இல்லாத டயர் 1955 மாடல்களில்தான் பரவலானது. அதற்கு முந்தைய ரிம்கள் டியூபை எண்ணிச் செய்தவை. டயரின் விளிம்பு உள்ளே நழுவாமல் தடுக்கும் மேடு அவற்றில் இல்லை. கம்பிச் சக்கரத்தில் டியூபோடு, அது ரிம்மில் உராயாமல் காக்கும் ரிம் பட்டியும் போடுங்கள். ரேடியல் டயர் என்றால் ரேடியலுக்கென்று செய்த டியூபையே கேட்டு வாங்குங்கள், ஏனெனில் பக்கச்சுவரின் ஓயாத நெகிழ்வுக்குச் சாதாரண டியூப் ஈடுகொடுக்காது. மாட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தைக் கையால் தடவி, அங்கே ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டு எதையும் முழுமையாக உரித்தெடுங்கள். அதன் விளிம்பு உராய்ந்தே டியூப் ஓட்டையாகிவிடும். பிறகு டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவி, டியூபில் சிறிது காற்று அடித்து மடிப்பு விழாமல் அமர்த்தி, முழுக்காற்று ஏற்றியபின் ஒருமுறை எல்லாக் காற்றையும் இறக்கிவிட்டு மீண்டும் ஏற்றச் சொல்லுங்கள். முதல் முறையில் எங்கேனும் மடங்கியிருந்த டியூப் இரண்டாம் முறையில் நேராகிவிடும்.